பூக்காத மரத்துக்கு என்ன பெயர்?

கிணற்றடி ஈரத்தில் ஒரு கன்று முளைத்திருக்கிறது. யாரும் நட்டதில்லை. இடுப்பளவு உயரம். இலை ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஓரம் உள்நோக்கி வெட்டுப்பட்டு மடல் மடலாகப் பிரிந்திருக்கிறது. காம்பைக் கிள்ளினால் வெள்ளைப் பால் சொட்டுகிறது. வீட்டுக்காரர் சீமைப்பலா என்கிறார். பக்கத்து வீட்டில் பப்பாளி என்கிறார்கள். தோட்ட வேலைக்கு வந்தவர் "களைங்க இது, பிடுங்கிடவா?" என்று கேட்கிறார். பத்தடி தள்ளி நிற்கும் பலாமரத்தை நிமிர்ந்து பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. தோன்றவும் நியாயமில்லை. அதன் இலை வெட்டே இல்லாத, தடித்த, வழவழப்பான முட்டை வடிவ இலை. கன்றின் இலைக்கும் அதற்கும் ஒட்டுறவே இருப்பதாகத் தெரியாது.

குமரி மாவட்டத்திலோ கேரளத்தை ஒட்டிய வேறு ஊர்களிலோ தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. பெயர் தெரியாத மரத்தை அதன் இளம் இலையை வைத்துக் கண்டுபிடிக்க முடியுமா? முடியும். ஆனால் அதற்குத் தாவரவியல் புத்தகங்களிடம் பெரிய உதவியை எதிர்பார்க்கக் கூடாது. காரணம் பழையது. 1735-இல் லின்னேயஸ் தாவரங்களை வகைப்படுத்தத் தொடங்கியபோது பூவின் மகரந்தத் தாள்களையும் சூலகத்தையும் எண்ணினார். வகைப்பாடு அதற்குப் பிறகு எவ்வளவோ மாறிவிட்டது. பூவைப் பார்க்கும் பழக்கம் மட்டும் மாறவில்லை. கேம்பிள் எழுதி 1915-இல் வெளிவரத் தொடங்கி, அவர் இறந்த பிறகு ஃபிஷரின் கையால் 1936-இல் முடிந்த சென்னை மாகாணத் தாவர நூலானாலும் சரி, திருச்சி புனித வளனார் கல்லூரியின் ராபினட் ஹெர்பேரியம் என்ற உலர்தாவரக் காப்பகத்திலிருந்து அருட்தந்தை கே.எம். மேத்யூ எழுதிய தொகுதிகளானாலும் சரி, அடையாளத் திறவுகோல்களில் பாதி வழியிலேயே பூ வேண்டும், காய் வேண்டும் என்று கேட்கும். மரமோ ஆண்டில் சில வாரங்கள்தான் பூக்கிறது. கன்று பூக்கவே பல ஆண்டுகள் ஆகும்.

இந்த வழக்கத்தை உடைத்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்கத் தாவரவியலாளர் ஆல்வின் ஜென்ட்ரி. அமேசான் காட்டில் எந்த நேரத்தில் போனாலும் பெரும்பாலான மரங்கள் பூவில்லாமல்தான் நிற்கும். அவர் இலையைக் கசக்கி முகர்ந்தார், பட்டையைக் கீறிப் பால் வருகிறதா என்று பார்த்தார், இலைகள் எதிரெதிராக நிற்கின்றனவா மாறி மாறி நிற்கின்றனவா என்று பார்த்தார். இவற்றைக் கொண்டே குடும்பத்தையும் பேரினத்தையும் சொல்லிவிடலாம் என்று காட்டும் தடித்த கையேடு ஒன்றை 1993-இல் வெளியிட்டார். அதே ஆண்டு ஈக்வடாரில் காட்டாய்வுக்குப் போன விமானம் விழுந்து இறந்தார். அவர் நூல் தென் அமெரிக்காவுக்கு எழுதப்பட்டது. முறை மட்டும் பொதிகை மலையிலும் செல்லும்.

இங்கே ஒரு குழப்பத்தை முதலிலேயே பிரித்துவிட வேண்டும். இளம் இலை என்று இரண்டைச் சொல்கிறோம். ஒன்று, வளர்ந்த மரத்தின் கிளை நுனியில் புதிதாக விடும் தளிர். இன்னொன்று, மரமே சின்னதாக இருக்கும்போது அது போடும் இலை. முதலாவதின் வயது நாள் கணக்கு. இரண்டாவது முற்றி, தடித்து, கரும்பச்சையாகி இருந்தாலும் கன்றின் இலைதான். தளிர் பல உண்மைகளைச் சொல்லும். கன்றின் இலையை அப்படி நம்பிவிட முடியாது.

தளிரை முதலில் பார்ப்போம். மாசி, பங்குனியில் நம் ஊர் மரங்கள் பல இலை உதிர்த்து, மழைக்குக் காத்திராமல் கோடை தொடங்கும்போதே துளிர்க்கின்றன. அந்த இரண்டு மூன்று வாரங்களில் தூரத்திலிருந்தே நிறத்தால் பிரித்துச் சொல்லக்கூடிய மரங்கள் உண்டு. புங்கம் கண்ணைப் பறிக்கும் இளம்பச்சை. இலுப்பை செம்பு நிறம். அரசு இளஞ்சிவப்பில் தொடங்கித் தாமிரம் வழியாகப் பச்சைக்குப் போகும். காட்டில் பூவ மரம் தளிர்த்தால், முன்பு பார்க்காதவர்கள் மரமே பூத்துவிட்டது என்பார்கள், அத்தனை சிவப்பு. மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் நிற்கும் நாக மரத்தின் தளிர் செக்கச்செவேலென்று தொங்கும்.

அசோக மரத்துக்கும் நெட்டிலிங்கத்துக்கும் இடையிலான ஓயாத தகராறும் தளிர் விடும் காலத்தில் எளிதாகத் தீரும். பள்ளிக்கூட மதிலோரம் ஊசி போல் உயர்ந்து நிற்பதை ஊரே அசோகு என்கிறது, அது நெட்டிலிங்கம். அதன் தளிர் செம்பழுப்பாக இருந்தாலும் தனித்தனி இலை, அலை அலையான ஓரம். உண்மையான அசோகின் தளிர் ஒரு கூட்டிலை முழுவதும் ஒரே கொத்தாக, எலும்பே இல்லாததுபோல் துவண்டு, செம்பு நிறத்தில் கீழ்நோக்கித் தொங்கும். ஒருமுறை இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர் பிறகு தடுமாறமாட்டார்.

மாந்தளிரைக் கையில் எடுங்கள். மதுநிறம், சில வகைகளில் வெளிறிய இளஞ்சிவப்பு. தொட்டால் குளிர்ந்து, ஈரத் துணிபோல் தொய்ந்திருக்கும். முழு அளவுக்கு நீண்டுவிட்ட இலையும் நிமிராது. காம்பின் அடி சற்றே உப்பியிருப்பதை விரலால் உணரலாம். கசக்கினால் மாங்காய்ப் பால் வாசனை. தளிர்கள் கிளை நுனியில் ஒரே கொத்தாக, ஒரே வயதில் வரும். கீழே போன பருவத்துக் கரும்பச்சை இலைகள் தனி அடுக்காக நிற்கும். மரத்தடியில் கத்தரித்ததுபோல் நேராக வெட்டுப்பட்ட தளிர்கள் விழுந்து கிடந்தால் அது குழந்தைகள் வேலை அல்ல. இலைவெட்டிக் கூன்வண்டு தளிரில் முட்டையிட்டுவிட்டுக் காம்புப் பக்கமாக நறுக்கி வீழ்த்தும். முற்றிய இலையை அது சீண்டாது.

நிறத்துக்கும் தொய்வுக்கும் காரணம் அந்த வண்டுதான் என்று சொல்லிவிட ஆசையாக இருக்கிறது; விஷயம் அவ்வளவு நேரானது அல்ல. வெப்பமண்டல மரங்களில் ஓர் இலை தன் வாழ்நாளில் பூச்சிக்குக் கொடுக்கும் பங்கில் பெரும்பகுதியை இளமையிலேயே கொடுத்துவிடுகிறது. அப்போது அது மென்மையானது, நைட்ரஜன் நிறைந்தது, நார் ஏறாதது. ஆகவே சில மரங்கள் இலையை வேகமாக முழு அளவுக்கு விரித்துவிட்டு, பச்சையத்தையும் பசுங்கணிகங்களையும் கடைசியில் நிரப்புகின்றன. கடிபட்டாலும் நட்டம் குறைவு. பச்சையம் இல்லாத இடைவெளியில் ஆந்தோசயனின் என்ற சிவப்பு நிறமி கண்ணுக்குத் தெரிகிறது. அந்த நிறமி வெயிலின் தாக்கத்திலிருந்து காக்கிறது என்று ஒரு தரப்பு. பூஞ்சையிலிருந்து காக்கலாம் என்று 1989-இல் பிலிஸ் கோலியும் மிட்செல் எய்டும் முன்வைத்தது இன்னொன்று. சிவப்பைச் சரியாகப் பார்க்க முடியாத பூச்சிகளுக்கு இலை செத்த இலையாகத் தெரியும் என்பது மூன்றாவது. எல்லா மரத்துக்கும் ஒரே விடை இருக்க வேண்டும் என்று என்ன கட்டாயம்?

ஒரு பொறியும் உண்டு. சிவப்பு எல்லாம் தளிர் அல்ல. நாட்டு வாதுமையின் இலை உதிரும் முன்தான் சிவக்கும். பிச்சாவரத்துத் தில்லை மரமும் அப்படித்தான். சிவந்த இலை கிளை நுனியில் இருக்கிறதா, அடியில் இருக்கிறதா என்று பார்த்தாலே போதும்.

நிறம் சில வாரங்கள் தங்கும். அதைவிடச் சீக்கிரம் மறையும் சாட்சி ஒன்று தளிரில் இருக்கிறது. அரசமரக் கிளையின் நுனியைப் பாருங்கள்: கூரான, மெல்லிய உறை ஒன்று அடுத்த இலையைச் சுற்றிப் பொதிந்திருக்கும். இதை இலையடிச் செதில் என்கிறார்கள். இலை விரியும்போது அது கழன்று விழும். விழுந்த இடத்தில் தண்டைச் சுற்றி மோதிரம் போட்டதுபோல் ஒரு வளையத் தழும்பு நிற்கும். ஆல், அத்தி, இத்தி, பலா எல்லாவற்றிலும் இதே வளையம் காணலாம். எல்லாவற்றிலும் பால் உண்டு. செண்பகத்திலும் மொட்டை மூடும் உறை உண்டு, வளையத் தழும்பும் உண்டு, ஆனால் பால் வராது. ஆக, வளையம் இருந்து பால் வந்தால் அத்திக் குடும்பம், வளையம் இருந்து பால் வராவிட்டால் பெரும்பாலும் செண்பகத்தின் உறவு என்று நம் ஊர் மரங்களில் தைரியமாகத் தொடங்கலாம். வெளிநாட்டு அலங்கார மரங்களுக்கு இந்தத் தைரியம் ஆகாது.

அடுத்தது, எது இலை என்ற கேள்வி. வேடிக்கையாகத் தோன்றினாலும் பாதித் தவறுகள் இங்கேதான் நடக்கின்றன. வேம்பில் நாம் இலை என்று பறிப்பது சிற்றிலை. ஈர்க்கோடு சேர்ந்த முழுவதும்தான் ஓர் இலை. பிரித்துப் பார்க்க வழி, மொட்டைத் தேடுவது. இலைக்காம்பு தண்டோடு சேரும் கக்கத்தில் ஒரு மொட்டு இருக்கும். சிற்றிலையின் அடியில் இருக்காது. இந்த விதியை வைத்து நெல்லியைச் சோதித்துப் பாருங்கள். புளியிலைபோல் அழகாக அடுக்கிய கூட்டிலை என்றுதான் யாரும் சொல்வார்கள். ஆனால் ஒவ்வொரு குட்டி இலையின் கக்கத்திலிருந்தும் பூ வரக்கூடும், நெல்லிக்காயும் அங்கேதான் தொங்குகிறது. கூட்டிலையில் காய் காய்க்காது. அது ஒரு சிறு கிளை; அதன்மேல் இருப்பவை ஒவ்வொன்றும் தனி இலை. பிறகு கிளையும் இலைபோலவே உதிர்ந்துவிடுவதால் ஏமாற்று முழுமையாகிவிடுகிறது.

மூன்று சிற்றிலை கொண்ட மரங்களில் இன்னொரு பழைய குழப்பம். வில்வம் என்று சொல்லி மாவிலங்கத்தைக் காட்டுபவர்கள் ஏராளம். வில்வத் தளிரைச் சூரியனுக்கு எதிரே தூக்கிப் பிடித்தால் ஊசியால் குத்தியதுபோல் ஒளி ஊடுருவும் புள்ளிகள் தெரியும். அவை எண்ணெய்ச் சுரப்பிகள். எலுமிச்சை, விளா, கறிவேப்பிலை எல்லாம் இதே குடும்பம், எல்லாவற்றுக்கும் இந்தப் புள்ளிகள் உண்டு, கசக்கினால் மணம் உண்டு. வில்வத்தின் நடுச் சிற்றிலைக்கு நீண்ட காம்பு, கணுவில் முள். மாவிலங்கத்துக்குப் புள்ளி இல்லை, முள் இல்லை, மூன்று சிற்றிலையும் ஏறக்குறைய சமம். முள் இருந்து, சிற்றிலை அகன்று முக்கோணமாக இருந்தால் கல்யாண முருங்கை. பால் வந்தால் ரப்பர். தளிர் முழுவதும் பட்டுபோல் மென்மயிர் மூடியிருந்தால் புரசு. முற்றும்போது அந்த மயிரில் பெரும்பகுதி போய்விடும், அதனால் தளிரில்தான் இதைப் பார்க்க முடியும்.

சுரப்பிகளும் தளிரில்தான் நன்றாகத் தெரிகின்றன. மருத இலையின் அடியில், காம்பு சேருமிடத்தில் இரண்டு சின்ன மேடுகள் உண்டு. கருவேலத்திலும் தூங்குமூஞ்சியிலும் இலைக்காம்பின்மேல் ஒரு குழிந்த பொட்டு. இலை இளசாக இருக்கும்போது இவற்றில் தேன் கசியும், எறும்பு மொய்க்கும். எறும்பு இருக்கும் இடத்தில் புழு வரத் தயங்கும். ஒரு தளிரில் எறும்புகள் ஒரே புள்ளியில் கூடி நின்றால் அங்கே உருப்பெருக்கியை வையுங்கள்.

கசக்கி முகர்வது சிறந்த முறை. நாவலில் டர்பன்டைன் நெடி. தேக்கின் இளம் இலையைக் கையில் வைத்துத் தேய்த்தால் உள்ளங்கை இரத்தச் சிவப்பாகும். மலையடிவாரத்துப் பிள்ளைகள் இதை வைத்தே மற்றவர்களைப் பயமுறுத்துவார்கள். ஆனால் வாயில் வைத்துப் பார்க்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். காட்டுக் கருவா மரத்தின் தளிர் சிவப்பு, இலையில் அடியிலிருந்து நுனிவரை ஓடும் மூன்று நரம்புகள், கசக்கினால் பட்டை மணம். எட்டி மரத்திலும் அடியிலிருந்தே மூன்று அல்லது ஐந்து நரம்புகள் ஓடும், இலைகள் எதிரெதிர், பளபளப்பு. மணம் கிடையாது. அதில் இருப்பது ஸ்ட்ரிக்னின். நரம்பை மட்டும் பார்த்து இரண்டையும் ஒன்றாக்கியவர் குழம்பில் போட இலை பறித்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. தில்லையின் பால் கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுக்கும். சேங்கொட்டை மரத்தின் சாறு தோலைக் கொப்புளமாக்கும். தெரியாத மரத்தைக் கிள்ளும்போது கண்ணிலிருந்து எட்டவே பிடிப்பது நல்லது.

இனி கன்றின் இலை. நீலகிரியில் கற்பூர மரம் என்று சொல்லும் யூகலிப்டஸைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். பெரிய மரத்தில் இலைகள் அரிவாள்போல் வளைந்து, நீண்டு, காம்போடு மாறி மாறித் தொங்கும். கன்றில் இலைகள் அகன்றவை, காம்பே இல்லாமல் எதிரெதிராகத் தண்டைக் கட்டிப் பிடித்திருக்கும், நீலச் சாம்பல் நிறத்தில் மெழுகு பூசியிருக்கும், தண்டு நாற்பட்டை. பெயர் தெரியாமல் இரண்டையும் ஒருவர் கையில் கொடுத்தால் வேறு வேறு குடும்பம் என்றுதான் சொல்வார். மரத்தை வெட்டிவிட்டால் அடிக்கட்டையிலிருந்து வரும் கிளைகளிலும் கன்றின் இலையே வருகிறது. அதனால் மரத்தின் வயதைவிட அந்தக் கிளை எங்கிருந்து கிளம்பியது என்பதே முக்கியம்.

கொடைக்கானல் பக்கம் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த கரும் அகேசியாவின் கன்றில் இந்த மாற்றம் நடுவழியில் கையும் களவுமாகப் பிடிபடும். முதல் இலைகள் சீகைக்காய் இலைபோல் நுணுக்கமானவை. பிறகு காம்பு தட்டையாக விரிகிறது. அதன் நுனியில் மட்டும் கொஞ்சம் நுண்ணிலை. அதற்கும் மேலே நுண்ணிலை மறைந்து, தட்டையான காம்பே இலையின் வேலையைச் செய்கிறது. ஒரே கிளையில் மூன்று நிலையும் இருக்கும். மன்னாரில் நிற்கும் பெருக்க மரங்களின் இலை விரிந்த கைபோல் ஐந்து, ஏழு சிற்றிலை கொண்டது. அதன் கன்று முதலில் போடுவது ஒற்றை இலை. நம் வாசல் வேம்பிலும் முதல் ஜோடி இலை எதிரெதிராக, மூன்று மூன்று சிற்றிலையோடு வரும். பிறகுதான் பழகிய வேப்பிலை.

இந்த மாற்றத்தை நடத்துவது எது என்பதில் இப்போது ஒரு நல்ல விடை இருக்கிறது. எம்ஐஆர் 156 என்ற மிகச் சிறிய ஆர்என்ஏ கன்றில் அதிகம். அது இருக்கும்வரை முதிர்ந்த இலைக்கான மரபணுக்கள் அடங்கியிருக்கும். வளர வளர அதன் அளவு குறைகிறது, அடங்கியிருந்தவை தலைதூக்குகின்றன. சிறு செடிகளில் தெரிந்திருந்த இந்த ஏற்பாடு அகேசியா, யூகலிப்டஸ் போன்ற மரங்களிலும் இருப்பதை ஸ்காட் போத்திக்கும் உடன் உழைத்தவர்களும் 2011-இல் காட்டினார்கள்.

கிணற்றடிக் கன்றுக்கு வருவோம். பால் உண்டு. நுனியில் மொட்டை மூடிய உறை, தண்டில் வளையத் தழும்பு. பப்பாளி அப்போதே தள்ளுபடி. அதற்கு அந்த உறையும் வளையமும் கிடையாது, காம்போ உள்ளே பொள்ளல். அத்திக் குடும்பத்தில் வெட்டுப்பட்ட இலையோடு தோட்டத்தில் தானாக முளைக்கக்கூடியவை என்று பார்த்தால் மூன்று பேர் மிஞ்சுகிறார்கள்: பலா, அயினிப்பலா, ஈழத்தில் ஈரப்பலா என்னும் சீமைப்பலா. சீமைப்பலாவுக்கு முதிர்ந்த மரத்திலும் வெட்டு இலைதான், அதனால்தான் எல்லார் நினைவுக்கும் முதலில் வருகிறது. ஆனால் நம் பக்கம் வளர்வது பெரும்பாலும் விதையில்லாத வகை, வேர்க்கன்றில்தான் பெருகும். பக்கத்தில் தாய்மரம் இல்லாத இடத்தில் அது எங்கிருந்து வந்து முளைக்கும்? மிஞ்சியவை பலாவும் அயினியும். பலாக்கன்றில் வெட்டு குறைவு, பெரும்பாலும் இரண்டு மூன்று மடல்தான். மேலே போகப் போக வெட்டில்லாத இலைகளும் கலந்து வரும். அயினிக் கன்றின் இலை மிகப் பெரிது, மடல்கள் அதிகம், வெட்டு நடுநரம்பை நோக்கி ஆழமாகப் போகும்; இளந்தண்டைத் தடவினால் மயிர் சொரசொரக்கும். பலாவில் அந்தச் சொரசொரப்பு அவ்வளவு தெரியாது. ஒரு முழத்துக்குச் சற்றே குறைந்த, மடல் மடலாகப் பிரிந்த இலை என்பதால் நான் அயினி பக்கம் சாய்வேன். தண்டைத் தடவிப் பார்த்தவர் என்னைவிட உறுதியாகச் சொல்லலாம். பழத்தைத் தின்ற வௌவாலோ குரங்கோ விதையைப் போட்டிருக்கும். வீட்டு நிலைக்கும் கதவுக்கும் தேடிப் போய் வாங்கும் மரம் அது. பிடுங்கச் சொல்ல வேண்டாம்.

இத்தனையும் செய்தும் பெயர் பிடிபடாவிட்டால் டிஎன்ஏ இருக்கிறது. தாவரங்களுக்குப் பொது அடையாளமாக இரண்டு மரபணுத் துண்டுகளை, ஆர்பிசிஎல், மேட்கே, 2009-இல் ஏற்றுக்கொண்டார்கள். அதற்கும் ஆய்வகங்கள் கேட்பது தளிரைத்தான்; முற்றிய இலையில் சேரும் பிசினும் டானினும் டிஎன்ஏ பிரிப்பதைக் கெடுக்கும். ஆனால் நெருங்கிய உறவுகளை இந்த இரண்டு துண்டுகள் பல நேரம் பிரித்துக் காட்டாது. பேரினத்தோடு நின்றுவிடும்.

கைப்பேசிச் செயலிகள் இப்போது வியக்கும்படி வேலை செய்கின்றன. பூவையும் முற்றிய இலையையும் காட்டினால் பெரும்பாலும் சரியாகச் சொல்கின்றன; கன்றைக் காட்டினால் உளறுகின்றன. அவற்றுக்குக் கற்றுக்கொடுத்த படங்களில் கன்றுகள் குறைவு என்பது என் ஊகம். ஹெர்பேரியங்களிலும் இதே பஞ்சம். பூவோடு காயோடு உள்ள கிளையைத்தான் சேகரிப்பவர்கள் அழுத்தி வைத்தார்கள். தளிரை அழுத்தினால் கருத்துச் சுருங்கி, நிறமும் தொய்வும் போய்விடும். கோவையில் உள்ள மதராஸ் ஹெர்பேரியத்தின் ஆயிரமாயிரம் தாள்களைப் புரட்டினாலும் மாந்தளிரின் மதுநிறத்தை அங்கே காண முடியாது.

அதனால் படம் எடுப்பவர்கள் இலையின் முகத்தை மட்டும் எடுத்துவிட்டு வந்துவிடக் கூடாது. கிளை நுனி மொட்டோடு ஒன்று, இலையின் அடிப்பக்கம் ஒன்று, காம்பு தண்டோடு சேரும் கணு நெருக்கமாக ஒன்று, கிள்ளிய இடத்தில் வந்த பால் ஒன்று, கன்று என்றால் கீழிருந்து மேல்வரை முழு உருவம் ஒன்று. தேதியையும் இடத்தையும் எழுதி ஐநேச்சுரலிஸ்ட்டிலோ இந்தியா பயோடைவர்சிட்டி போர்ட்டலிலோ போட்டால் தெரிந்தவர்கள் வந்து பெயர் சொல்வார்கள். கன்று பிழைத்திருந்தால் அடுத்த பங்குனியில் அதே கணுவை மறுபடி படமெடுங்கள். வெட்டு இலைக்கு மேலே எந்த இலை வந்திருக்கிறது என்பது அப்போது தெரியும்.